ஆகஸ்ட் பிள்ளைகளும் ஜவாஹிர் காக்காவின் தண்ணீரும்

சென்ற மாதம் ரிஸ்வான் வீட்டுக்கு வந்தான். நான் ஓய்வு பெறும்போது எங்கள் ஆய்வுகூடத்தில் இளைய தொழில்நுட்ப உத்தியோகத்தனாக இருந்தவன். இப்போது என்னுடைய கதிரையில் அவன் இருக்கிறான். கொரோனாவோடு நின்று, பிறகு பெற்றோல் வரிசைக் காலத்தில் எல்லோரும் மறந்தே போன ஆகஸ்ட் விடுமுறைத் திட்டத்தைப் பல்கலைக்கழகம் மறுபடி தொடங்கப்போகிறதாம். பொறுப்பு அவன் தலையில் விழுந்திருக்கிறது.

"மெடம், பைல்ல எல்லாம் இரிக்கி. எத்தின புள்ள வந்த, என்ன சாமான் வாங்கின, எல்லாம் இரிக்கி. ஆனா எப்பிடிச் செஞ்சீங்க எண்டு ஒரு இடத்திலயும் இல்ல. அத எழுதித் தாங்களன்" என்றான்.

"நான் என்ன எழுதுற? பேராசிரியர் சொன்னாரு, நான் செஞ்சன்."

"அதத்தான் எழுதுங்க."

அதைத்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் சிலர் ஆகஸ்ட் விடுமுறையில் பல்கலைக்கழகத்துக்கு வருவார்கள். சில கிழமைகள் எங்கள் ஆய்வுகூடத்தில் இருந்து, ஒரு சிறிய ஆய்வைத் தாங்களே செய்து, கடைசி நாளில் மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று கதைப்பார்கள். கொழும்புப் பக்கம் இது பெரிய விசயமாக இல்லாமல் இருக்கலாம். எங்கள் கரையில் அப்போது விஞ்ஞானம் என்றால் ரியூசன் கொட்டிலில் நெருக்கியடித்து உட்கார்ந்து கடந்தகால வினாத்தாள் செய்வதுதான். கிருமி வளர்க்கிற பெத்திரிக் கிண்ணத்தைப் படத்தில் மட்டும் பார்த்துவிட்டு அதைப் பற்றி முழுப் புள்ளி எடுக்கிற பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

நானும் அப்படிப் படித்து வந்தவள்தான். கல்முனையில் பள்ளிக்கூடம், கண்டிப் பக்கம் பயிற்சி. அந்த வருடங்களில் சிங்களம் பழகினேன், குளிர் பழகினேன், கண்ணாடிச் சாமான்களை உடைக்காமல் கழுவப் பழகினேன். ஊருக்குத் திரும்பி இந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது கட்டடத்தில் பெயின்ற் மணம் இன்னும் போயிருக்கவில்லை. சன்னலைத் திறந்தால் கடல் இரைச்சல். திறந்து கொஞ்ச நேரத்தில் மேசையெல்லாம் மணல். நுண்ணுயிர் ஆய்வுகூடத்துக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது என்று பேராசிரியர் தவராசா சொல்லுவார். சொல்லிவிட்டு அவரே சன்னலைத் திறந்து கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

பேராசிரியர் காரைதீவுக்காரர். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். மற்றத் துறைகளில் பேராசிரியருக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் ஆள் இருக்கும். எங்கள் துறையில் அவர் தன் கோப்பையைத் தானே கழுவுவார். நோன்பு மாதத்தில் அந்தக் கோப்பை வெளியில் வராது. ஏன் என்று நாங்களும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். ஒருநாள் நான் துணிந்து காரணம் கேட்டேன். "முன்னுக்கு நிக்கிற ஆள்ற முகம் வடிவாத் தெரிஞ்சா எனக்கு ஏச வராது, நூருல்" என்றார். அதற்குப் பிறகு கண்ணாடி மேசைக்குப் போனால் நான் வெளியில் போய்விடுவேன்.

ஆகஸ்ட் திட்டம் அவருடைய யோசனைதான். முதல் வருடம் விண்ணப்பங்கள் வந்தபோது நான் அவற்றைப் புள்ளி அடிப்படையில் அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் எல்லாவற்றையும் கலைத்துவிட்டார்.

"புள்ளி எடுத்த பிள்ளைகள் எப்பிடியும் கெம்பசுக்கு வந்திடுவாங்க. நமக்கு வேற பிள்ளைகள் வேணும்."

"எப்பிடி சேர் தெரிவு செய்ற?"

"எல்லாரையும் கூப்பிடுங்க. ஒரு கேள்விதான் கேப்பன்."

கேள்வி இதுதான்: உங்கட ஊர்ல தினமும் பாக்கிற, ஆனா உங்களுக்கு விளங்காத ஒரு விசயம் சொல்லுங்க.

பிள்ளைகள் திகைத்துப்போவார்கள். அவர்கள் பாடத்திட்டம் முழுவதையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருப்பார்கள். சிலர் அழுதும் இருக்கிறார்கள். ஆனால் காத்திருந்தால் பதில் வரும். தம்பிலுவில் மகன் ஒருவன், கரைவலையில் ஏறும் மீன்களில் ஒரு சாதிக்கு மட்டும் செவுளுக்குள் எப்போதும் ஒரு பூச்சி இருக்கிறதே, அது ஏன் மற்ற மீன்களுக்குப் போவதில்லை என்று கேட்டான். கோமாரியில் இருந்து வந்த பிள்ளை, கடலைப் பார்த்து நிற்கும் தென்னையில் குரும்பை கூடுதலாகக் கொட்டுகிறது, வீட்டுக்குப் பின்னால் நிற்பதில் கொட்டுவதில்லை என்றாள். இறக்காமத்துப் பிள்ளை ஒருத்தி, யானை எங்கள் வயலைத் தின்றுவிட்டு மாமாவின் வயலை மிதித்துக்கொண்டு மட்டும் போகிறது, இரண்டும் ஒரே நெல்லுத்தான் என்றாள். பேராசிரியர் கதிரையில் இருந்து எழும்பிவிட்டார். "எனக்கும் தெரியாது. வாங்க, தேடுவம்" என்றார்.

அந்தப் பிள்ளையைக் கூட்டிவருவதற்கு நான் இறக்காமத்துக்குப் போகவேண்டியிருந்தது. அவளுடைய வாப்பா மாட்டேன் என்று நின்றார். படிப்பில் அவருக்கு மறுப்பு இல்லை. "பின்னேரம் ஆன ரோட்டுக்கு வாற நேரம், மிஸ். என்ட புள்ள எப்பிடி வீட்ட வந்து சேர்ற?" அது நியாயமான கேள்வி. பேராசிரியர் பள்ளிக்கூட அதிபரோடும் பல்கலைக்கழக நிருவாகத்தோடும் மல்லுக்கட்டி ஒரு வேன் எடுத்தார். பொழுது சாயுமுன் அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட வேண்டும் என்பது எங்கள் திட்டத்தின் சட்டமாகவே ஆனது. யானை ஏன் மாமாவின் வயலைத் தின்னவில்லை என்பது கடைசிவரை தெரியவரவில்லை. அவள் மேடையில் ஏறி, எதையெல்லாம் பார்த்தேன், அதில் எதுவும் காரணம் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்த வருடத்தில் மிகச் சிறந்த உரை அதுதான் என்று பேராசிரியர் சொன்னார். பெற்றோர்களுக்கு அது விளங்கவில்லை. எனக்கும் அப்போது முழுதாக விளங்கவில்லை.

ரிஸ்வான், வேலை முறையைக் கேட்டாயே, இதுதான். வந்தவுடன் பிள்ளைகள் கையில் நுணுக்குக்காட்டியைக் கொடுக்கக் கூடாது. முதலில் கழுவச் சொல்ல வேண்டும். சவர்க்காரம், குழாய்த் தண்ணீர், பிறகு காய்ச்சி வடித்த தண்ணீர். கழுவிய கண்ணாடியில் தண்ணீர் துளியாக நில்லாமல் ஒரே படலமாக வழிந்தால் அது சுத்தம். துளி நின்றால் மறுபடி. அடுத்தது குழாயியால், அதாவது பிப்பெற்றால், தண்ணீரை அளந்து தராசில் வைப்பது. ஒரே அளவைத் திரும்பத் திரும்ப எடுப்பார்கள், ஒவ்வொரு முறையும் நிறை கொஞ்சம் மாறும். பிள்ளைகளுக்கு எரிச்சல் வரும். தராசு பிழை என்பார்கள். தராசு சரி, தன் கைதான் ஆடுகிறது என்று அவர்களாகக் கண்டுபிடிக்கும்வரை நாங்கள் வாய் திறப்பதில்லை. தன் கையைச் சந்தேகிக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பிறகு எதையும் கொடுக்கலாம்.

இனி ஷிஃபானாவின் கதைக்கு வருகிறேன். நீ கேட்டதற்கு உண்மையான பதில் அங்கேதான் இருக்கிறது.

அவள் எங்கள் கரையில் வீடுகள் நெருங்கிக் கிடக்கும் ஒரு தெருவில் இருந்து வந்தவள். ஒருவருடைய கிணறும் பக்கத்து வீட்டுக்காரருடைய மலகூடக் குழியும் மதிலுக்கு இரண்டு பக்கமும் இருக்கும் தெரு. மணல் நிலம், தண்ணீர் மேலேயே இருக்கும். பேராசிரியர் வழக்கமான கேள்வியைக் கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை.

"மழ பெஞ்சா எங்கட றோட்டுல சில கிணறு மணக்கிற, சேர். சிலது மணக்கிறல்ல. அது ஏன் எண்டு தெரியணும்."

"உங்கட கிணறு?"

"நாங்க கிணத்துத் தண்ணி குடிக்கிறல்ல. எங்கட வாப்பா பில்டர் தண்ணி விக்கிற."

அவளுடைய வாப்பா ஜவாஹிர் காக்காவை எனக்கு முன்பே தெரியும்; காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன். தெரியாதவர்கள் குறைவு. சவூதியில் வருடக்கணக்கில் ஒரு தண்ணீர்த் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு வந்து, வீட்டு வளவிலேயே வடிகட்டும் இயந்திரம் பூட்டி, பெரிய நீலக் கேன்களில் தண்ணீர் விற்றார். பட்டா என்று சொல்லும் சின்ன லொறி ஒன்று தெருத் தெருவாகப் போகும். பள்ளிக்கூடங்கள், கடைகள், ஆஸ்பத்திரி வாட்டு, எல்லா இடத்திலும் அவருடைய கேன்தான். கல்யாண வீடுகளில் "ஜவாஹிர் காக்காட தண்ணியா?" என்று கேட்டுவிட்டுக் குடிப்பவர்கள் இருந்தார்கள்.

ஷிஃபானாவின் ஆய்வு எளிமையானது. தெருவில் உள்ள கிணறுகளில் தண்ணீர் எடுத்து, மலத்தில் இருந்து வரும் பற்றீரியா அதில் இருக்கிறதா என்று பார்ப்பது. கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் உள்ள தூரத்தோடு அதை ஒப்பிடுவது. கிருமி நீக்கிய போத்தலைக் கல்லுக் கட்டிக் கிணற்றுச் சுவரில் முட்டாமல் இறக்கவும், மூடியைக் கீழே வைக்காமல் சின்ன விரலில் பிடித்துக்கொள்ளவும் அவள் ஒரே நாளில் பழகிவிட்டாள். எடுத்த போத்தல்களை மீன் வியாபாரிகள் வைத்திருக்கும் வெள்ளை ரெஜிஃபோம் நுரைப் பெட்டியில் ஐஸ் போட்டு வைத்துக்கொண்டு வருவாள். தண்ணீரை மெல்லிய வடிதாள் ஊடாக இழுத்து, அந்தத் தாளை வளர்ப்பூடகத்தின் மேல் வைத்து, அடைகாக்கும் பெட்டியில் விட்டால் மறுநாள் காலை தெரிந்துவிடும். கெட்ட தண்ணீராக இருந்தால் தாளில் சிறு புள்ளிகள் வளர்ந்து, வெளிச்சத்தில் சரித்துப் பார்க்கும்போது பச்சையாக, வண்டின் முதுகுபோல மினுங்கும்.

ஒவ்வொரு தொகுதியோடும் இரண்டு தண்ணீர் கூடப் போகும். ஒன்று நாங்களே கொதிக்கவைத்துக் கிருமி நீக்கிய தண்ணீர். அதில் ஏதும் வளர்ந்தால் எங்கள் கையில் பிழை என்று அர்த்தம். மற்றது ஒப்பீட்டுக்காக ஒரு நல்ல குடிதண்ணீர். "நல்ல தண்ணி ஒண்டு நீங்களே கொண்டாங்க" என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அவள் வீட்டுக் கேனில் இருந்து ஒரு போத்தல் கொண்டுவந்தாள். அதைக் கொண்டுவந்தபோது அவள் முகத்தில் இருந்த பெருமை எனக்கு நினைவிருக்கிறது.

மறுநாள் காலை பெட்டியைத் திறந்து கிண்ணங்களை வெளியில் எடுத்தது நான்தான். கிருமி நீக்கிய தண்ணீர் வெறுமையாக இருந்தது. கிணறுகள் சில சுத்தம், சில மோசம். ஜவாஹிர் காக்காவின் தண்ணீர் பச்சையாக மினுங்கிக்கொண்டு இருந்தது.

ஷிஃபானா வந்து பார்த்தாள். "போத்தல் மாறிட்டு, மிஸ்" என்றாள்.

மாறியிருக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுபடி எடுத்தோம். இந்த முறை போத்தலில் பெயரை நானும் அவளும் சேர்ந்து எழுதினோம். மறுநாள் மறுபடியும் பச்சை. மூன்றாம் முறை நானே அவளோடு போய், கேனின் பிளாஸ்டிக் வாயை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, கொஞ்சத் தண்ணீரை ஓடவிட்டு எடுத்தேன். ஷிஃபானாவின் உம்மா தேநீர் தந்தார். சின்னத் தம்பி ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான். "இவருக்கு எப்ப பாத்தாலும் வயித்துக் குத்து" என்றார் உம்மா. நான் போத்தலை மூடி ஐஸ் பெட்டியில் வைத்தேன். ஷிஃபானா என்னைப் பார்க்கவில்லை.

மூன்றாம் முறையும் அதேதான்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. பேராசிரியரின் அறை வாசலில் போய் நின்றாள். நான் பின்னால் நின்றேன்.

"சேர், ஒப்பீட்டுக்கு வேற தண்ணி வெச்சுச் செய்ய ஏலுமா? கடையில போத்தல் தண்ணி இரிக்கி."

பேராசிரியரின் கை கண்ணாடியைத் தொட்டது. ஆனால் அவர் அதைக் கழற்றவில்லை, சரிசெய்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். எழும்பி வந்து, அவளுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, தானும் முன்னால் உட்கார்ந்தார்.

"ஏலும், மகள். உங்கட கேள்வி கிணத்தப் பத்தினது. ஒப்பீட்டுத் தண்ணிய மாத்தலாம். அது களவில்ல. உங்கட பேச்சில வாப்பாட பேரே வராது. நான் ஒண்டும் சொல்லவும் மாட்டன்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா அந்தத் தண்ணிய இண்டைக்கு ஆர் ஆர் குடிக்கிறாங்க?"

அவள் விரலை மடித்து எண்ணத் தொடங்கினாள்.

"எங்கட ஸ்கூல்" என்றாள். "ஆஸ்பத்திரி." பிறகு, "என்ட தம்பி."

"நாங்க சுகாதாரப் பகுதிக்கு அறிவிக்கத்தான் வேணும். அது என்ட கடமை. ஆனா முதல்ல வாப்பாவுக்குத் தெரியட்டும். நான் போய்ச் சொல்லவா, மிஸ் போய்ச் சொல்லவா?"

"இல்ல சேர். நான் சொல்றன்." என் பக்கம் திரும்பினாள். "நீங்க பக்கத்துல மட்டும் நில்லுங்க, மிஸ்."

பின்னேரம் அசர் தொழுகை முடிந்த நேரம் நாங்கள் அவள் வீட்டுக்குப் போனோம். ஜவாஹிர் காக்கா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஓட்டுநரோடு சேர்ந்து லொறியில் கேன்களை ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்க மிஸ், வாங்க. என்ன, புள்ள ஏதும் குழப்படியா?"

ஷிஃபானா சொல்லத் தொடங்கினாள். ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள். கேன் தண்ணீரில் மலக்கிருமி இருக்கிறது, மூன்று தரம் செய்தோம், மூன்று தரமும் இருக்கிறது.

அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"என்ட மிஷின் சவூதியில நான் வேல செஞ்ச மிஷின். அதுட வேல எனக்குத் தெரியும். உங்கட கெம்பஸ்ல ஏதாச்சும் பிழைச்சிரிக்கும், மிஸ்."

"அதுவும் பாத்தம் காக்கா" என்றேன். "எங்கட சுத்தத் தண்ணியில ஒண்டும் வரல்ல."

அவர் மகளைப் பார்த்தார். குரல் மாறிவிட்டது. "ஊர்க் கிணத்தப் பாக்கப் போறன் எண்டுதானே சொன்ன? வாப்பாட தண்ணிய எதுக்குப் பாத்த? ஆரு உன்னப் பாக்கச் சொன்ன?"

"நல்ல தண்ணி ஒண்டு கொண்டரச் சொன்னாங்க, வாப்பா" என்றாள் ஷிஃபானா. "எனக்குத் தெரிஞ்ச நல்ல தண்ணி இதுதான்."

ஜவாஹிர் காக்கா பக்கத்தில் இருந்த கேனைச் சரித்து ஒரு கிளாசில் தண்ணீர் பிடித்தார். "இந்தா, நான் குடிக்கிறன். பாத்துக்கங்க" என்று ஒரே மடக்கில் குடித்தார். ஷிஃபானா "வாப்பா" என்று கத்திக்கொண்டு கையைப் பிடிக்கப் போனாள். அதற்குள் கிளாஸ் வெறுமையாகிவிட்டது. அவள் வாசல் படியில் குந்தி, முகத்தை மூடிக்கொண்டாள்.

ஓட்டுநர் பொடியனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. லொறியை இயக்கிவிட்டுத் தலையை வெளியில் நீட்டினான். "காக்கா, ஆஸ்பத்திரியில ரெண்டு தரம் கோல் எடுத்திட்டாங்க. போகட்டா?"

ஜவாஹிர் காக்கா கிளாசைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். லொறியைப் பார்த்தார். படியில் இருந்த மகளைப் பார்த்தார். வீட்டுக்குள்ளே அந்தச் சின்னவன் முனகுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"இறக்கு" என்றார்.

"என்ன காக்கா?"

"எல்லாத்தயும் இறக்குடா எண்டு சொல்றன்."

மறுநாள் காலை அவர் ஆய்வுகூடத்துக்கு வந்தார். ஜும்ஆவுக்குப் போவதுபோல வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரத் தயங்கி நின்றார். பேராசிரியர் தானே எழும்பிப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். தன்னுடைய வெள்ளை மேலங்கியை அவருக்குப் போட்டுவிட்டு, கிண்ணங்களை ஒவ்வொன்றாகச் சன்னல் வெளிச்சத்தில் சரித்துக் காட்டினார். ஜவாஹிர் காக்கா பச்சை மினுக்கத்தை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இதத்தான் என்ட மகன் குடிச்சவனா?"

"ஓம்" என்றார் பேராசிரியர். அந்த ஒரு சொல்லை அவர் மென்மையாக்கவில்லை. பிறகு கேட்டார்: "உங்கட மிஷின்ல தண்ணி எந்தெந்த வழியால போகுது? வரைஞ்சு காட்ட ஏலுமா?"

அவர் வரைந்தார். ஆழக் குழாய்க் கிணறு, வடிகட்டிகள், கிருமி கொல்லும் ஊதா வெளிச்சக் குழாய், அதற்குப் பிறகு நிலத்துக்குக் கீழே ஒரு சேமிப்புத் தொட்டி, அங்கிருந்து கேன் நிரப்பும் குழாய். பேராசிரியர் பென்சிலால் நாலு இடத்தில் புள்ளி வைத்தார். "ஒவ்வொரு இடத்திலயும் ஒரு போத்தல் எடுப்பம். நீங்களும் மகளும் எடுங்க."

தகப்பனும் மகளும் எடுத்தார்கள். மூடியைச் சின்ன விரலில் எப்படிப் பிடிப்பது என்று அவள் காட்ட, அவர் பழகினார். மறுநாள் நான் ஆய்வுகூடத்தைத் திறக்கப் போனபோது அவர் எனக்கு முன்பே வந்து படியில் இருந்தார். கிணறு சுத்தம். வடிகட்டியைத் தாண்டிய தண்ணீர் சுத்தம். அவர் கண்ணை மூடி "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். மூன்றாவது கிண்ணம் சேமிப்புத் தொட்டி. அதில் பச்சை. நாலாவது கேன் நிரப்பும் குழாய், அதிலும் பச்சை.

இயந்திரம் பிழைக்கவில்லை. பக்கத்து வளவில் புதிதாக மலகூடக் குழி வெட்டியிருந்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் என்பதால் அது அவர் கண்ணில் படவில்லை. தொட்டியின் அடிச்சுவரில் ஒரு வெடிப்பு. சுத்தமாக்கிய தண்ணீர் அந்தத் தொட்டியில்தான் கெட்டுக்கொண்டு இருந்தது.

காரணம் தெரிந்த பிறகும் ஒரு வேலை மிச்சமிருந்தது. சுகாதாரப் பகுதிக்குப் பேராசிரியர் அறிவித்துவிட்டார். ஆனால் வீடுகளில் இருந்த கேன்களில் இன்னும் அந்தத் தண்ணீர் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஜவாஹிர் காக்கா பள்ளிவாசல் ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கினார். பெண்கள் பக்கத்தில் நானும் இருந்தேன். என்னிடம் தண்ணீர் வாங்கியவர்கள் அதைக் குடிக்காமல் ஊற்றிவிடுங்கள், பிழை என்னுடைய தொட்டியில், என்னை மன்னியுங்கள் என்று சொன்னார். பிழையைக் கண்டுபிடித்தது யார் என்று அவர் சொல்லவில்லை. மகளைக் காப்பாற்றத்தான் சொல்லாமல் விட்டார். ஆனால் ஊருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

"வாப்பாட வயித்துல அடிச்ச புள்ள" என்று சொந்தக்காரர்களே சொன்னார்கள். வாப்பாவின் தம்பியான சாச்சா ஒருவர் வீட்டுக்கு வந்து, பொம்பிளைப் பிள்ளையைக் கெம்பசுக்கு அனுப்பினால் இதுதான் நடக்கும் என்று சத்தம் போட்டுவிட்டுப் போனாராம். அந்த நாட்களில் ஷிஃபானா ஆய்வுகூடத்தில் மிகக் கொஞ்சமாகக் கதைத்தாள். வேலையை மட்டும் விடவில்லை. கிணறுகளை முடித்தாள். பழைய தொட்டியை மூடிவிட்டு, நிலத்துக்கு மேலே புதிய தொட்டி வைத்த பிறகு அந்தத் தண்ணீரையும் கொண்டுவந்து பார்த்தாள். வடிதாள் வெள்ளையாகவே இருந்தது. அன்றைக்குத்தான் முதல் முறையாக அழுதாள்.

கடைசி நாள் மண்டபம் நிறைந்திருந்தது. பிள்ளைகளின் உம்மாமார், அம்மாமார், அதிபர்கள், மற்றத் துறை விரிவுரையாளர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஷிஃபானா தெருவின் வரைபடத்தைக் காட்டி, எந்தக் கிணறு ஏன் மணக்கிறது என்று அழகாகச் சொன்னாள். குழி எவ்வளவு கிட்ட என்பதைவிட, குழி கிணற்றுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் முக்கியம், தண்ணீர் நிலத்துக்குள் கடல் பக்கமாக ஓடுகிறது என்றாள். எனக்கே அது புதிது. கைதட்டல் ஓய்ந்ததும், எங்கள் கதை ஒன்றும் தெரியாத விரிவுரையாளர் ஒருவர் எழும்பினார்.

"ஒப்பீட்டுக்கு எடுத்த நல்ல தண்ணி எங்க வாங்கினது?"

சாதாரணக் கேள்வி. மண்டபத்தில் பாதிப் பேருக்கு விடை தெரியும். ஒரு முணுமுணுப்பு எழும்பி அடங்கியது. நான் பேராசிரியரைப் பார்த்தேன். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கடை என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்திருக்கலாம்.

"எங்கட வீட்டுல எடுத்தது, சேர்" என்றாள் ஷிஃபானா. "எங்கட வாப்பா விக்கிற தண்ணி. முதல்ல அதுல கிருமி இருந்திச்சு. எங்க இருந்து வந்திச்சு எண்டு வாப்பாவும் நானும் தேடிக் கண்டுபிடிச்சம். இப்ப அது சுத்தம். ரெண்டு முடிவும் கடைசிப் படத்துல இரிக்கி."

மண்டபத்தின் பின் கதவருகில், கதிரை இருந்தும் உட்காராமல், ஜவாஹிர் காக்கா நின்றுகொண்டிருந்தார். அவர் வந்ததை அவள் கண்டிருக்கவில்லை. கைதட்டத் தொடங்கியவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் தட்டவில்லை. தோளில் கிடந்த துவாலையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியில் போய்விட்டார்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அவருடைய வாடிக்கைக்காரர்களில் பலர் திரும்பி வரவே இல்லை. ஆஸ்பத்திரி வேறு ஆளிடம் வாங்கத் தொடங்கிவிட்டது. லொறியை விற்று முச்சக்கர வண்டியில் கேன் கொண்டுபோகும் நிலைக்கு அவர் வந்தார். பிறகு மெல்ல மெல்லத் தெருக்காரர்கள் திரும்பினார்கள். சின்னவனுக்கு வயிற்றுக் குத்து நின்றது. ஷிஃபானாவுக்கு மருத்துவபீடம் கிடைக்கவில்லை. விஞ்ஞானம் படித்து, இப்போது நிந்தவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிக்கிறாள். பேராசிரியர் ஓய்வு பெற்று ஒரு வருடத்தில் காலமானார். யாராவது மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தால் இன்றைக்கும் நான் வெளியில் போய்விடுவேன்.

ரிஸ்வான், பிள்ளைகளைத் தெரிவு செய்வது, வேன் எடுப்பது, கண்ணாடி கழுவுவது எல்லாம் நீ பழகிவிடுவாய். கண்டுபிடித்ததைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோகும் நாள் ஒன்று வரும். அன்றைக்கு அவளோடு கூடப் போ. கதைக்காதே. பக்கத்தில் நில்.

ஷிஃபானாவின் ஆகஸ்டுக்கு அடுத்த வருடம், விண்ணப்பம் கோரும் அறிவித்தல் பள்ளிக்கூடங்களுக்குப் போன கிழமை, நான் ஆய்வுகூடத்தில் குழாயிகளை அடுக்கிக்கொண்டு இருந்தேன். வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ஜவாஹிர் காக்கா. அவருக்குப் பின்னால் ஷிஃபானாவின் தங்கை, பர்தாவின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு வெட்கத்தோடு நின்றாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும், மிஸ்."

"வஅலைக்கும் ஸலாம். வாங்க காக்கா. என்ன விசயம்?"

அவர் மகளை முன்னால் தள்ளிவிட்டார்.

"இவவும் விஞ்ஞானம்தான் படிக்கிற. இவவையும் எடுங்க, மிஸ்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஆனா இவ மீனப் பத்திப் பாக்கட்டும்" என்றார்.